டெர்பிக்குப் போகிறவர் பையில் பான் அட்டையும் இருக்கட்டும்

கேட்டிருப்பவர் கோயம்புத்தூர்க்காரர். பிப்ரவரியில் மும்பையில் உள்ள நண்பர் வீட்டுக்குப் போகிறார். அங்குள்ள மகாலட்சுமி மைதானத்தில் இந்தியன் டெர்பி என்ற பெரிய குதிரைப் பந்தயம் ஓடும் ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பார். வாழ்க்கையில் ஒரு முறையாவது பெரிய பந்தயம் ஒன்றில் இரண்டாயிரம், மூவாயிரம் கட்டிப் பார்க்க ஆசை. 'சட்டப்படி எப்படிக் கட்டுவது, ஊரில் இருந்தபடியே போனில் கட்ட முடியுமா, அலுவலகத்தில் ஆறு பேர் தங்கள் பணத்தையும் கட்டச் சொல்கிறார்கள், வாங்கிக்கொள்ளலாமா' என்று மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறார். அவற்றுக்கு அடியில் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மாட்டிக்கொள்வேனா? ஜெயித்தால் பணம் முழுதாகக் கைக்கு வருமா? முதல் கேள்விக்கு நிம்மதியான பதில் இருக்கிறது. இரண்டாவதற்கு அவ்வளவு நிம்மதியான பதில் இல்லை. ரேஸ் மைதானத்தில் டோட் என்ற பந்தய டிக்கெட் விற்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வழக்கறிஞரும் அல்ல, ஆடிட்டரும் அல்ல. லட்சக்கணக்கில் பணம் புழங்கும் விஷயம் என்றால் அவர்களிடம் போங்கள்.

நம் ஊரில் 'ரேஸ் சட்டப்படி சரியா' என்று கேட்பதே வழக்கம். சட்டம் பார்ப்பது குதிரையை அல்ல, நீங்கள் நிற்கும் இடத்தையும் பணத்தை வாங்கும் கையையும்தான். மகாராஷ்டிரத்தில் சூதாட்டத்தைத் தடுக்க 1887-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ரேஸ் மைதானங்களுக்கு உரிமம் கொடுக்க 1912-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முதல் சட்டம் பொதுவாகத் தடுப்பதை, உரிமம் பெற்ற மைதானத்தின் வேலிக்குள், உரிய அனுமதி பெற்றவரிடம் கட்டும் பந்தயத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்கிறது. தமிழ்நாட்டின் 1930-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே போக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே அதே குதிரை, அதே பந்தயம், அதே நூறு ரூபாய். வேலிக்கு உள்ளே டோட் ஜன்னலில் நீட்டினால் சட்டப்படியான பந்தயம். வேலிக்கு வெளியே டீக்கடை வாசலில் நீட்டினால் குற்றம். வேறு அளவுகோல் எதுவும் தேவையில்லை.

இந்த விலக்கு ஏன் குதிரைக்கு மட்டும் என்று கேட்பவர்களுக்கு நம் ஊர் வழக்கு ஒன்றையே பதிலாகச் சொல்லலாம். 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தையும் அதன் மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1986-இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். இரண்டையும் எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்று சட்டப் புத்தகங்களில் இருக்கும். குதிரையின் வம்சம், பழைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, ஓடும் தூரம், ஜாக்கியின் கைத்திறன் இவற்றையெல்லாம் எடைபோட்டுக் கட்டுவதால் இதில் அறிவும் திறமையுமே மேலோங்கி நிற்கின்றன, வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று நீதிமன்றம் சொன்னது. கிளப்பை எடுத்துக்கொள்ளும் சட்டமும் செல்லாது என்றது. இந்தியாவில் திறமை விளையாட்டு, அதிர்ஷ்ட விளையாட்டு என்று எந்த வழக்கு வந்தாலும் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டாமல் வாதம் முடிவதில்லை. ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்த எனக்கு ஒரு சின்ன முணுமுணுப்பு மட்டும் உண்டு. நீதிபதிகள் வர்ணித்த அந்த அறிவாளிப் பந்தயக்காரரை நூறு பேரில் ஐந்து பேராகத்தான் பார்த்தேன். மீதிப் பேர் மகளின் பிறந்த தேதிக்குக் கட்டினார்கள்.

டெர்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. 1943-இல் தொடங்கியது. முதல் ஆண்டு வென்றது பிரின்சஸ் பியூட்டிஃபுல் என்ற பெட்டைக் குதிரை. பரோடா மகாராஜாவுடையது. நான்கு வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடும், தூரம் 2,400 மீட்டர், வழக்கமாக பிப்ரவரி முதல் ஞாயிறு. ஒரு குதிரைக்கு நான்கு வயது ஒரு முறைதான் வரும் என்பதால் போன வருடம் தோற்றது இந்த வருடம் பழி தீர்க்கும் கதையெல்லாம் இதில் கிடையாது. பெரும்பாலான குதிரைகளுக்கு அவ்வளவு தூரம் ஓடிப் பழக்கமும் இருக்காது. 1,600 மீட்டரில் பறந்த குதிரை கடைசி 400 மீட்டரில் கால் தளர்ந்து நிற்பதை டெர்பியில் பார்க்கலாம். பேசி ஷ்ராஃப் ஜாக்கியாக எட்டு முறை இந்தப் பந்தயத்தை வென்றார் என்றால், எங்கே குதிரையைப் பிடித்து வைப்பது, எங்கே அவிழ்த்துவிடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்று பொருள். முதல் முறை போகிறவர், அன்று ஓடும் குதிரைகளின் பழைய ஓட்டங்களைச் சொல்லும் ரேஸ் புத்தகத்தில் ஒன்றே ஒன்றைப் பார்த்தால் போதும். இந்தக் குதிரை 2,000 மீட்டரோ அதற்கு மேலோ எப்போதாவது ஓடியிருக்கிறதா, கடைசியில் முன்னேறியதா, பின்வாங்கியதா? வாசலில் டிப்ஸ் விற்பவரிடம் இதைக் கேட்டால் பதில் வராது.

மைதானத்துக்குள் பணம் வாங்க இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று டோட், இன்னொன்று, தாங்களே விலை சொல்லிப் பந்தயப் பணம் வாங்கும் உரிமம் பெற்ற புக்கிகள் வரிசையாக நிற்கும் ரிங். இரண்டும் வேறு வேறு பிராணிகள். டோட்டில் நீங்கள் மோதுவது கிளப்போடு அல்ல, உங்களைப் போலப் பணம் கட்டிய மற்றவர்களோடு. கட்டிய பணம் எல்லாம் ஒரே உண்டியலில் விழுகிறது. கிளப் தன் கழிவை எடுத்துக்கொண்டு மீதியை வென்ற டிக்கெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இதற்கு டிவிடெண்ட் என்று பெயர். கணக்குக்காக ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கழிவு போக உண்டியலில் 80,000 ரூபாய் மீதி இருக்கிறது, வென்ற குதிரை மேல் 20,000 ரூபாய் கட்டப்பட்டிருக்கிறது என்றால், நூறு ரூபாய்க்கு 400 கிடைக்கும். இதில் சூட்சுமம் என்னவென்றால், நீங்கள் கட்டும் நேரத்தில் பலகையில் தெரியும் விலை, அதாவது ஜெயித்தால் நூற்றுக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கு, உங்களுடையது அல்ல. குதிரைகள் ஓடத் தொடங்கும் கேட் திறக்கும் நொடி வரை பணம் வந்துகொண்டே இருக்கும், விலை மாறிக்கொண்டே இருக்கும். 'பலகையில் 600 காட்டியது, கையில் 350 தருகிறாயே' என்று என் ஜன்னலைத் தட்டியவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குப் பின்னால் வந்து அதே குதிரைக்குக் கட்டியவர்கள்தான் அந்த 250-ஐ எடுத்துக்கொண்டார்கள், நான் அல்ல.

புக்கியிடம் அப்படி இல்லை. 5/2 என்று அவர் சொன்ன நேரத்தில் நீங்கள் கட்டினால் 5/2-தான். அதன் பிறகு ஊரே திரண்டு வந்து அந்தக் குதிரைக்குக் கட்டினாலும் உங்கள் விலை மாறாது. நூறு கட்டினால் 250 லாபம், கட்டிய நூறும் திரும்ப வரும். ஜெயிக்கும் என்று பெரும்பாலோர் நம்பும் ஃபேவரிட் குதிரைக்கு 40/100, 70/100 என்று எழுதியிருப்பார்கள். நூறு கட்டினால் 40 லாபம், 70 லாபம் என்று பொருள். புதியவருக்கு ரிங் கொஞ்சம் மிரட்டலாக இருக்கும். சத்தம், நெரிசல், நொடிக்கு நொடி அழித்து எழுதும் விலை. கட்டிய உடனே அவர் கொடுக்கும் சீட்டில் குதிரை, பந்தய எண், விலை, தொகை நான்கும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு நகருங்கள். இரண்டு, மூன்று ஆயிரம் கட்டப்போகிற முதல்முறைக்காரருக்கு நான் டோட்டைத்தான் சொல்வேன். அங்கே பேரம் இல்லை, சீட்டில் தகராறு இல்லை, வரிசையில் நின்றால் போதும்.

என்னென்ன கட்டலாம் என்று பலகையில் பெரிய பட்டியலே இருக்கும். வின் என்றால் முதலில் வர வேண்டும். பிளேஸ் என்றால் முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும், எத்தனை இடம் என்பது ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டாவதாக வரும் குதிரைக்கென்றே தனி உண்டியலும் உண்டு. ஃபோர்காஸ்ட் என்றால் முதல் இரண்டையும் வரிசைப்படி சொல்ல வேண்டும், குவினெல்லா என்றால் வரிசை முக்கியமில்லை. டனாலா என்பது முதல் மூன்றை வரிசைப்படி சொல்வது. ஜாக்பாட் என்றால் தொடர்ந்து ஐந்து பந்தயங்களின் வெற்றிக் குதிரைகளைச் சொல்ல வேண்டும். பேப்பரில் வரும் பெரிய தொகைகள் எல்லாம் ஜாக்பாட்டிலும் டனாலாவிலும் விழுந்தவை. வருகிறவர்கள் கண்ணும் அங்கேதான் போகும். பத்தொன்பது வருடத்தில் ஜாக்பாட் டிக்கெட்டை நான் விற்றதற்கும், அதற்குப் பணம் கொடுத்ததற்கும் உள்ள இடைவெளியை எண்ணிப் பார்த்தால் தூக்கம் வராது. டெர்பியைப் பார்த்து ரசிக்கப் போகிறவருக்கு வின்னும் பிளேஸும் போதும். கூடப்போனால் ஒரு குவினெல்லா.

இனி யாரும் விரும்பிப் பேசாத பகுதி, வரி. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது குதிரைப் பந்தயத்துக்கு 28 சதவீதம் போட்டார்கள். அதைக் கிளப்பின் கழிவுக்கு மட்டும் போடுவதா, கட்டிய முழுப் பணத்துக்கும் போடுவதா என்று பல வருடம் வழக்கு நடந்தது. 2023 அக்டோபரில் இருந்து முழுப் பணத்துக்கும்தான் என்று சட்டத்தையே திருத்திவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த 28-உம் 40 ஆகிவிட்டது. லாபத்துக்கு அல்ல, கட்டும் பணத்துக்கு 40 சதவீதம். தோற்கப்போகிற டிக்கெட்டுக்கும் சேர்த்துத்தான்.

இது என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். டிக்கெட்டில் வரியைக் காட்டும் முறை இடத்துக்கு இடம் மாறலாம், எளிமைக்காக வரியைத் தனியாக மேலே வைத்துச் சொல்கிறேன். நூறு ரூபாய்ப் பந்தயத்துக்கு நீங்கள் 140 கொடுக்கிறீர்கள். ஊரே கொண்டாடும் ஹாட் ஃபேவரிட், விலை 40/100. அது ஜெயித்தும் விட்டது. உங்களுக்கு வருவது 140. எல்லோரும் குதித்துக் கூத்தாட, நீங்கள் போட்ட பணத்தை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டு போகிறீர்கள். விலை அதற்கும் கீழே, 30/100 என்றால் ஜெயித்தும் பத்து ரூபாய் நட்டம். சமவிலை, அதாவது நூற்றுக்கு நூறு என்றால் லாபம் அறுபதுதான். ஆகவே பழைய ரேஸ்காரர்கள் சொல்லும் 'ஃபேவரிட்டுக்குக் கட்டிச் சிறுகச் சிறுகச் சேர்' என்ற அறிவுரை இன்றைய வரியில் செத்துவிட்டது. கட்டுவதானால் குறைந்தது 2/1, 3/1 விலையுள்ள குதிரையாகப் பார்த்துக் கட்டுங்கள். அதுகூட முடியவில்லை என்றால் கட்டாமல் பார்த்துவிட்டு வாருங்கள். பந்தயத்துக்கு முன் பேடக் வளாகத்தில் குதிரைகள் சுற்றி வருவதைப் பார்ப்பதற்குப் பந்தயம் கட்ட வேண்டியதில்லை.

ஜெயித்த பிறகு வருமான வரி வருகிறது. ரேஸில் வந்த பணத்துக்கு நேராக 30 சதவீதம், அதன் மேல் செஸ். உங்கள் சம்பளம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பது இங்கே பொருட்டே இல்லை. வேறு வருமானமே இல்லாத மாணவராக இருந்தாலும் அடிப்படை விலக்கு இந்தப் பணத்துக்குப் பொருந்தாது. ஒரே டிக்கெட்டில் 10,000 ரூபாய்க்கு மேல் வென்றால், கொடுக்கும் இடத்திலேயே 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். 2025 மார்ச் வரை வருடம் முழுதும் வென்றதைக் கூட்டிப் பார்த்து இந்தப் பத்தாயிரம் கணக்கிடப்பட்டது. இப்போது ஒவ்வொரு பரிமாற்றமாகப் பார்க்கிறார்கள். அதனால்தான் பான் அட்டையை எடுத்துப் போகச் சொல்கிறேன். பெரிய தொகை வந்த நாளில் பான் இல்லாமல் ஜன்னலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். ஜெயித்தவர் முகம் அப்படி இருக்கக் கூடாது.

இதில் பரவலாக இருக்கும் தவறான எண்ணம் ஒன்று உண்டு. பத்தாயிரத்துக்குக் கீழே என்றால் வரியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பிடித்தம்தான் இல்லை. வரி இருக்கிறது. எட்டாயிரம் வென்றாலும் கணக்குத் தாக்கலில் காட்டி 30 சதவீதம் கட்ட வேண்டியது உங்கள் பொறுப்பு. அதே போல, காலையில் ஐந்து பந்தயத்தில் தோற்ற ஏழாயிரத்தை மாலையில் வென்ற எட்டாயிரத்தில் கழிக்க முடியாது. குதிரை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு அவர்களுடைய நட்டத்துக்குத் தனி வழி இருக்கிறது. பணம் கட்டுகிறவருக்கு இல்லை. ஒரு முழுக் கணக்கு: 12/1 குதிரைக்கு 1,000 ரூபாய் கட்டுகிறீர்கள், வரியோடு 1,400. ஜெயிக்கிறது. வென்றது 12,000. அதில் பிடித்தம் 3,600. கட்டிய ஆயிரமும் சேர்ந்து கைக்கு வருவது 9,400. நீங்கள் கொடுத்த 1,400 போக உண்மையான லாபம் 8,000. பலகையில் ரூபாய்க்குப் பன்னிரண்டு என்று இருந்தது, நீங்கள் கொடுத்த 1,400-க்குக் கணக்கிட்டால் ரூபாய்க்கு ஆறுக்கும் கீழே வந்து நிற்கிறது. பிறகு செஸ் வேறு.

ஊரில் இருந்தபடியே கட்ட முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை, இங்கேதான் தரை வழுக்குகிறது. ஒரு ஊர்ப் பந்தயத்தை இன்னொரு ஊர் மைதானத்தில் திரையில் காட்டி, அங்கேயே டிக்கெட் விற்பது பல வருடப் பழக்கம். இன்டர்வென்யூ என்பார்கள். மும்பை, புனே, பெங்களூரு, மைசூரு, ஐதராபாத், கொல்கத்தா எல்லாம் இப்படி ஒன்றோடொன்று இணைந்தவை. உரிமம் பெற்ற மைதானத்தின் வேலிக்குள் நடப்பதால் இதுவும் சட்டப்படியானதே. ஆனால் தமிழ்நாட்டில் இன்று அந்த வேலியே தகராறில் இருக்கிறது. ஊட்டி மைதானத்தை 2024 ஜூனில் அரசு கையகப்படுத்தியது. கிண்டி நிலத்தின் குத்தகையை அதே ஆண்டு செப்டம்பரில் ரத்து செய்தது. அதன் மேல் வழக்குகள் தொடர்ந்தன. 1777 முதல் ரேஸ் நடந்த இடம் என்று கிண்டியைச் சொல்வார்கள். அங்கே ஜன்னல் திறந்திருக்கும் என்று நம்பி யாரும் கோவையில் இருந்து ரயில் ஏற வேண்டாம். அந்த வாரம் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

போன் செயலி விஷயத்தில் நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடுக்கிறது. 1996 தீர்ப்பு குதிரைக்குக் கொடுத்த குடை திறமை என்ற துணியால் ஆனது. இந்தச் சட்டம் அந்தத் துணியையே கணக்கில் எடுக்கவில்லை. குதிரைப் பந்தயம் நிஜத்தில் மண்ணில் ஓடுகிறது, டிக்கெட் மட்டும்தான் ஆன்லைனில் வாங்குகிறோம், எனவே இது ஆன்லைன் விளையாட்டே அல்ல என்று ஒரு வாதம் உண்டு. வாதத்தில் சத்து இருக்கிறது. வாதத்தை நீதிமன்றத்தில் சோதிக்கிறவர் நீங்களாக ஏன் இருக்க வேண்டும்? தண்டனைகள் ஆட்டத்தை நடத்துகிறவர், விளம்பரம் செய்கிறவர், பணப் பரிமாற்றம் செய்து கொடுக்கிறவர் ஆகியோரைக் குறிவைத்தவை, ஆடுகிறவரை அல்ல. ஆனால் நடத்துகிறவர் கடையைச் சாத்திவிட்டு ஓடினால் உள்ளே மாட்டிக்கொள்வது உங்கள் பணம். வெளிநாட்டுத் தளங்களைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். கென்டக்கி டெர்பியோ மெல்போர்ன் கோப்பையோ, இந்தியாவில் இருந்துகொண்டு பந்தயத்துக்குப் பணம் அனுப்ப அந்நியச் செலாவணி விதிகள் வழிவிடவில்லை. லாட்டரிச் சீட்டு, ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்குப் பணம் அனுப்புவது தடைப் பட்டியலிலேயே இருக்கிறது. 'கிரிப்டோவில் அனுப்பினால்' என்று இழுப்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அனுதாபம்தான் இருக்கிறது.

மைதான வாசலிலேயே உங்களை ஒருவர் அணுகுவார். 'சார், உள்ளே போனால் நாற்பது சதவீதம், என்னிடம் வரி கிடையாது, விலையும் அதே விலை' என்பார். கணக்குப்படி அவர் சொல்வது கவர்ச்சியானதுதான். இவ்வளவு வரி போட்டால் கூட்டம் அவரிடம்தான் போகும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, போட்டவர்களுக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் அவரிடம் கட்டுவது குற்றம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. வென்ற பணத்தை அவர் தராவிட்டால் வழக்குப் போட முடியாது. அந்தப் பிரிவில் 500 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள குதிரைப் பந்தயப் பரிசுக்கு ஒரு விலக்கு இருக்கிறதே என்று படித்தவர்கள் சிலர் கேட்பார்கள். அந்த விலக்கு வெல்கிற குதிரைக்குக் கொடுக்கும் பரிசுத் தொகைக்குச் சந்தா கொடுப்பதைப் பற்றியது, நீங்கள் கட்டும் பந்தயத்தைப் பற்றியது அல்ல. வேலைக்குச் சேர்வதற்கு முன், இருபத்து மூன்று வயதில், நானும் அப்படி ஒருவரிடம் கட்டி ஜெயித்தேன். அடுத்த ஞாயிறு தருகிறேன் என்றார். இன்னும் அந்த ஞாயிறு வரவில்லை. கடனுக்குக் கட்டச் சொல்கிறவர், சீட்டு கொடுக்காதவர், கிரிக்கெட்டுக்கும் சேர்த்து விலை சொல்கிறவர், இந்த மூன்றில் ஒன்று இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

அன்றைய தினத்துக்குச் சில. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும், அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மகாலட்சுமி ரயில் நிலையத்தில் இறங்கினால் மைதானம் பக்கம்தான். டெர்பி மாலையில் ஓடும், ஆனால் பிற்பகலிலேயே போய்விடுங்கள். முந்தைய பந்தயங்களில் ஒன்றிரண்டுக்குச் சின்னத் தொகை கட்டி ஜன்னல் எப்படி இயங்குகிறது என்று பழகிக்கொள்ளலாம். டெர்பிக்கு முன் வரிசை வளைந்து வளைந்து நிற்கும். குதிரைகள் கேட்டுக்குள் நுழையும் நேரத்தில் ஓடி வந்து, ஜன்னல் மூடியதும் கண்ணாடியைத் தட்டுவோர் ஒவ்வொரு வருடமும் உண்டு. கேட்கும்போது குதிரையின் பெயரைச் சொல்லாதீர்கள். பந்தய எண், குதிரை எண், எந்த வகை, எவ்வளவு, இந்த வரிசையில் சொல்லுங்கள். டிக்கெட்டை வாங்கியதும் படியுங்கள், ஜன்னலை விட்டு நகர்ந்த பிறகு மாற்றித் தரச் சொன்னால் உள்ளே இருப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொன்று, இதற்கு மட்டும் கொஞ்சம் நின்று கேளுங்கள். குதிரை கோட்டைத் தாண்டியதும் பந்தயம் முடிந்துவிடுவதில்லை. ஜாக்கிகள் எடை பார்க்க வேண்டும், இடித்துவிட்டான், குறுக்கே வந்தான் என்று அப்ஜெக்ஷன் வந்தால், பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் படத்தைப் போட்டுப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். அது வரை பலகையில் இருப்பது முடிவு அல்ல. ஒரு கோடைப் பந்தயத்தில் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், தன் குதிரை இரண்டாவதாக வந்ததும் டிக்கெட்டைச் சுக்குநூறாகக் கிழித்துக் காற்றில் விட்டார். பத்து நிமிடத்தில் முதல் குதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இரண்டாவதை முதலாக அறிவித்தார்கள். அவரும் பேரனும் குனிந்து புல்லில் துண்டுகளைப் பொறுக்கினார்கள். டிக்கெட் எண் இருந்த துண்டு கிடைக்கவே இல்லை. என் ஜன்னலுக்குத்தான் கொண்டுவந்தார், கைநிறையக் காகிதம். விதிப்படி நான் தரக் கூடாது, தரவில்லை. முடிவு உறுதி என்று அறிவிக்கும் வரை டிக்கெட் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

கடைசியாக அந்த ஆறு அலுவலக நண்பர்கள். வாங்காதீர்கள் என்பதே என் பதில். காரணம் சட்டம் மட்டும் அல்ல. வேலிக்கு வெளியே, கோயம்புத்தூரில் வைத்துப் பந்தயத்துக்குப் பணம் சேகரிப்பது எந்தப் பெயரில் செய்தாலும் நன்றாகத் தோன்றாது. 'ஜெயித்தால் இவ்வளவு தருகிறேன்' என்று நீங்கள் ஒரு விலை சொல்லிவிட்டால் அந்த நிமிடமே நீங்கள் உரிமம் இல்லாத புக்கி. விலை சொல்லாமல், செலவைப் பங்கிட்டு ஒரே டிக்கெட் வாங்கினாலும் சிக்கல் விடாது. ஏழு பேர் பணத்தில் ஒரே டிக்கெட் 30,000 வென்றது என்று வையுங்கள். பிடித்தம் 9,000 உங்கள் பான் எண்ணில் போகும், வருமானம் முழுவதும் உங்கள் பெயரில் பதிவாகும். ஆறு பேருக்கும் பங்கைக் கொடுக்கும்போது வரியைக் கழித்துக் கொடுத்தீர்களா, ஜிஎஸ்டி யார் தலையில், டிக்கெட்டின் படத்தை ஏன் அன்றே அனுப்பவில்லை என்று திங்கட்கிழமை காலை கேன்டீனில் தொடங்கும். தோற்றால் இன்னும் மோசம், நீங்கள் கட்டவே இல்லை என்று ஒருவராவது நினைப்பார். அவர்களுக்கு மும்பையில் இருந்து ரேஸ் புத்தகம் ஆளுக்கு ஒன்று வாங்கி வந்து கொடுங்கள். அதற்கு உரிமம் வேண்டாம்.